அட்டையை ஏன் எடுத்தீங்க?



இந்த மாதம் ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதையோடு உங்களிடத்தில் வருகிறேன். வண்டிக் கதைக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசி வரைக்கும் பொறுமையாய் வாசியுங்கள். இது என்ஜினைப் பற்றிய கதைதான். ஆனால் அந்த என்ஜினை இறக்கிப் பிரித்தபோது, அதோடுகூட நானும் பிரிக்கப்பட்டேன்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கத்தில் ஒரு சின்ன மளிகைக் கடை. 2003-ல் கடைக்காக ஒரு டீசல் பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி பெயர் எதற்கு? வயதாகிவிட்டால் எந்த வண்டிக்கும் வருவதுதான் அதற்கும் வந்தது. விடியற்காலையில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் அரிசி, பருப்பு ஏற்றி வருவேன். வாரத்துக்கு இரண்டு தரம் நாமக்கல் போய் முட்டை எடுத்து வருவேன். என் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவும் அந்த வண்டியின் முதுகில்தான் வந்தது. ஆகையால் நன்றி மறந்து பேசவில்லை.

2015 வாக்கில் என்ஜின் ஒழுக ஆரம்பித்தது. முதலில் நாளைக்கு நாலைந்து சொட்டு. என்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தில், அடியில், கருப்பாய் ஒரு துளி தொங்கும், விழும், இன்னொன்று தொங்கும். வாசல் தரை பாழாகிறது என்று, கடைக்கு சோப்பு வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து வண்டிக்கு அடியில் போட்டேன். அட்டை ஊறிப்போனால் வேறு அட்டை. வாரத்துக்குக் கால் லிட்டர் ஆயில் ஊற்றுவேன். பிறகு அது அரை லிட்டர் ஆனது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் சபை வாசலில் என் வண்டி நின்ற இடத்தில் ஒரு கறை இருக்கும். "அண்ணன் வந்துட்டுப் போயிருக்காரு" என்று வாலிபத் தம்பிகள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒழுகுவதைச் சரி செய்யவில்லை, ஒழுகுவதற்குப் பழகிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

2017-ல் வண்டியை விற்றுவிடத் தீர்மானித்தேன். வாட்டர் சர்வீஸ் கடையில் ஒரு பையன் எனக்கு ஆலோசனை சொன்னான்: "அண்ணா, கொஞ்சம் கெட்டி ஆயிலா ஊத்திடுங்க. அடியில டீசல் அடிச்சு, வாட்டர் வாஷ் பண்ணி பளபளன்னு தரேன். ஒரு வாரத்துக்கு சொட்டு தெரியாது. பார்க்க வர்றவன் குனிஞ்சு பார்த்தாலும் காஞ்சு கிடக்கும்." அப்படியே செய்தேன்.

சேந்தமங்கலத்திலிருந்து ஒரு தம்பி வண்டி பார்க்க வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வண்டியைச் சுற்றி வந்தான். டயரைத் தட்டிப் பார்த்தான். எஃப்.சி. தேதியைப் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அண்ணா, என்ஜின்ல ஏதாச்சும் வேலை இருக்குங்களா?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, "பழைய வண்டி தம்பி. நீங்களே ஓட்டிப் பாருங்க. வண்டியே உங்ககிட்ட பேசும்" என்றேன்.

சாரதா காலேஜ் ரோட்டில் ஏறி, ஐந்து ரோடு வரைக்கும் போய்த் திரும்பினான். சமதரையில் பத்து நிமிஷ ஓட்டம். காலி வண்டி. பேசுவதற்கு வண்டிக்கு அது போதாது. "நல்லாருக்குங்ணா" என்றான். ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்று பேசி முடித்தோம். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்தான். கிளம்பும்போது சொன்னான்: "கொல்லிமலையில இருந்து வாழைத்தார், அன்னாசி, பலாப்பழம் இறக்கலாம்னு இருக்கேங்ணா. அம்மா நகையை வச்சுத்தான் பணம் பொரட்டோணும்."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவி தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, சாதாரணமாய்க் கேட்டாள்: "ஏனுங்க, வண்டிக்கு அடியில கிடந்த அட்டையை ஏன் எடுத்தீங்க?"

"நான் அந்தப் பையன்கிட்ட ஒரு பொய்கூட சொல்லலையே" என்றேன்.

"பொய் சொன்னீங்கன்னு நான் சொல்லலைங்க. அட்டையை ஏன் எடுத்தீங்கன்னுதான் கேட்டேன்."

தோசை இறங்கவில்லை.

மவுனம் பொய்யாகுமா?

பிரியமானவர்களே, அன்றைக்கு என் மனதுக்குள் பெரிய வழக்கு நடந்தது. நானே வக்கீல், நானே நீதிபதி. என் பக்கத்து நியாயங்களை அடுக்கினேன். நான் பொய் சொல்லவில்லை. ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். அவன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே! பழைய வண்டியில் குறை இருக்கும் என்பது எவனுக்குத் தெரியாது? எல்லாரும் இப்படித்தானே விற்கிறார்கள்? எனக்கு விற்றவன் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியா விற்றான்?

இந்த வழக்கு எனக்கு முன்பே பழையது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ரோமாபுரியில் சிசரோ என்ற அறிஞர், கி.மு. 44-ல் கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு வியாபாரியின் கதை வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒருவன் கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறான். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதைச் சொன்னால் விலை இறங்கும். சொல்ல வேண்டுமா, சொல்லாமல் விற்கலாமா?

பாபிலோனைச் சேர்ந்த தியோஜனிஸ் என்ற ஆசிரியரும், அவருடைய மாணாக்கன் அந்திபாத்தரும் இதில் எதிரெதிரே நிற்கிறார்கள். சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும். மற்றதைச் சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது ஆசிரியரின் கட்சி. வாங்குகிறவனும் உன்னைப்போல ஒரு மனிதன், அவனுக்கு நன்மையானதை அவன் அறியாதபடி வைத்திருக்க உனக்கு நியாயமில்லை என்பது மாணாக்கனின் கட்சி. பாம்பு நுழைகிற, மரம் உளுத்துப்போன வீட்டை விற்கிறவனைப் பற்றியும் அதே விவாதம் நடக்கிறது. சிசரோ கடைசியில் மாணாக்கன் பக்கம் சாய்கிறார். வெறுமனே பேசாமலிருப்பது மறைத்தல் ஆகாது. மற்றவன் அறிந்தால் அவனுக்குப் பிரயோஜனமாகும் என்று தெரிந்தும், உன் லாபத்துக்காக அவனை அறியாமையிலே வைக்க நீ விரும்பினால், அதுதான் மறைத்தல் என்பது அவர் தீர்ப்பின் சாரம். ஆசிரியர் சொன்ன அதே வேறுபாட்டை வைத்துக்கொண்டே, அந்த வியாபாரியைக் குற்றவாளி என்கிறார்!

நம்முடைய தேசத்துச் சட்டத்திலும் இது இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ம் பிரிவு, மோசடி எது என்று சொல்லுகிறது. அதிலே ஒரு குதிரை வருகிறது. ஒருவன் நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்கிறான். நோய் அவனுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. சட்டம் என்ன சொல்லுகிறது? இது மோசடி அல்ல! இதை வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு சந்தோஷம். ஆனால் சட்டம் அங்கேயே நிற்கவில்லை. வாங்குகிறவள் அவனுடைய மகள், அப்போதுதான் மேஜராகியிருக்கிறாள் என்றால், சொல்ல வேண்டியது அவன் கடமை. வாங்குகிறவன், "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாயிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று சொல்ல, விற்கிறவன் பேசாமலிருந்தால், அந்த மவுனம் பேச்சுக்குச் சமம். இவையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, தெரிந்த ஒரு சங்கதியை வேலை செய்து மூடி மறைத்தால் அது மோசடியே என்று அதே பிரிவு சொல்லுகிறது.

இப்போது என் கதையைப் பாருங்கள். நான் ஏலத்தில் நின்றவன் அல்ல. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். கேட்ட கேள்விக்கு ஒரு சிரிப்பைப் பதிலாகக் கொடுத்தேன். அதற்கு முன்பே கெட்டி ஆயில் ஊற்றினேன், கழுவினேன், அட்டையை எடுத்தேன். இரண்டு வருஷமாய் உண்மையைப் பேசிக்கொண்டிருந்தது அந்த அட்டை ஒன்றுதான். அதன் வாயை அடைத்தேன். ஒரு பொய் வார்த்தைகூடச் சொல்லாமல், என் கைகளினால் முழுப் பொய்யைச் சொல்லி முடித்தேன்.

எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டுமா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். அப்படியானால் விற்கிறவன் ஒவ்வொரு கீறலையும், ஒவ்வொரு கிறீச் சத்தத்தையும் ஒப்பிக்க வேண்டுமா? அப்படிச் செய்தால் யார் வியாபாரம் செய்ய முடியும்? நானும் கடை வைத்திருக்கிறவன். தோலுரித்த வெங்காயத்தைத்தான் விற்பேன் என்று சொல்ல முடியாது. ஆகவே எனக்கென்று மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். உங்களுக்கும் உதவலாம்.

1. இந்தக் குறை வாங்குகிறவர் கண்ணுக்குத் தானாகத் தெரியுமா? கதவிலே இருக்கிற கீறல் தெரியும். கிளட்ச் வீட்டுக்குள்ளே ஒழுகுகிற ஆயில் தெரியாது.

2. தெரிந்தால் அவருடைய முடிவு மாறுமா? சீட் கிழிசலுக்காக யாரும் பேரத்தை விடமாட்டார்கள். என்ஜின் இறக்க வேண்டியிருக்கிறது என்றால் விலையே வேறு.

3. அவருக்குத் தெரியாமல் போனால் அந்த நஷ்டத்தை யார் சுமப்பார்கள்?

இந்த மூன்றாம் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் என்ஜினின் பின்பக்கத்து ஆயில் சீல் ஒழுகினால், ஆயில் தரையில் மட்டும் விழாது. பக்கத்திலே சுழல்கிற கிளட்ச் பிளேட்டின் மேலும் தெறிக்கும். ஆயில் பட்ட கிளட்ச் பாரத்தில் பிடிக்காது; வழுக்கும். ஃபேர்லேண்ட்ஸ் சமதரையில், காலி வண்டியில் அது தெரியாது. ஆனால் அவன் போகப்போகிறது கொல்லிமலை! காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். நம் ஏற்காடு ரோட்டில் இருபது, அங்கே எழுபது. வாழைத்தார் பாரத்தோடு இறங்கும்போது, வண்டியைக் கீழ் கியரில் போட்டு என்ஜினே இழுத்துப் பிடிக்கும்படி விடுவார்கள். கிளட்ச் வழுக்கினால் அந்தப் பிடி போய்விடும். முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறும். ஒரு தாயின் நகை அடகில் இருக்கும்; மகன் 70 வளைவில் இருப்பான்; நான் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"அவன் யாரோ, எவனோ" என்றும் ஒரு எண்ணம் வந்தது. நம் சபைக்காரராய் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் அல்லவா? ஆம், சொல்லியிருப்பேன். அப்படியென்றால் என்னுடைய நேர்மை தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கிற கடன்தானா? முகம் பார்த்துக் கொடுக்கிறதற்கு நேர்மை என்று பெயரில்லை. அதற்குப் பெயர் உறவு.

பிந்திச் சொன்ன உண்மை

அடுத்த நாள் காலையில் பஸ் ஏறிச் சேந்தமங்கலம் போனேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முகத்தைப் பார்த்து மறைத்ததை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று உணர்த்தப்பட்டேன். அவனுடைய அம்மா மோர் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்: இரண்டு வருஷத்து ஒழுக்கு, கெட்டி ஆயில், வாட்டர் வாஷ், அட்டை. ஐயாயிரத்தையும் திண்ணையிலே வைத்தேன். "வேலை செஞ்சு தரேன், இல்லேன்னா விலையைக் குறைச்சுக்கிறேன், உங்க இஷ்டம் தம்பி" என்றேன்.

அவன் பணத்தை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "வந்து சொன்னீங்க, சந்தோஷங்ணா. ஆனா அன்னிக்கு நான் கேட்டப்ப நீங்க சிரிச்சீங்க பாருங்க, அது மனசுல நின்னுபோச்சு. உங்ககிட்ட வாங்க எனக்கு மனசு வரலைங்ணா."

சாட்சி என்றால் எல்லாம் நன்மையாய் முடிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உண்மையைச் சொன்னேன், உடனே அவன் கட்டிப்பிடித்துக்கொண்டான், அதிக விலைக்கு வண்டி விற்றது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பிந்திச் சொன்ன உண்மைக்கு ஒரு அபராதம் உண்டு. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். நம்பிக்கையைத் திண்ணையில் வைத்துவிட்டு வர முடியாது. ஆனாலும் திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நன்றாய்த் தூங்கினேன். அதையும் உள்ளபடியே சொல்லுகிறேன்.

என்ஜின் இறங்கியது

இனி வண்டியை யாருக்கும் விற்பதில்லை, முதலில் உள்ளே என்ன என்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். கந்தம்பட்டி பக்கம் ஒரு வயதான மேஸ்திரி. நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளில் தொழில் பழகியவர். லாரிக்குப் பாடி கட்டுவதில் நாமக்கல் தேசமெங்கும் பேர்பெற்ற ஊர். அந்த மண்ணில் ஸ்பேனர் பிடித்தவர் கைக்கு ஒரு நிதானம் உண்டு. அவர் குனிந்து பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை மட்டும் இறக்கிப் பின் சீலை மாத்தலாமுங்க. ஆனா முன்னாடியும் கசியுது, டேப்பெட் கவர்லயும் கசியுது. எல்லா இடத்துலயும் ஒழுகுதுன்னா சீல் மேல குத்தம் இல்லீங்க. உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு. இறக்கிப் பார்த்துடலாம்" என்றார்.

இரண்டு நாள் வேலை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினார்கள். பானட்டைத் தூக்கினார்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் ஆயிலையும் வடித்தார்கள். ரேடியேட்டர், ஹோஸ், டீசல் லைன், ஆக்சிலேட்டர் கேபிள், சைலன்சர் பைப், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாய்ப் பிரிந்தது. மேஸ்திரி ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனி டப்பாவில் போட்டார். "கழட்டுறவன் நிதானமா இருந்தாத்தான் மாட்டுறவன் தப்பிப்பான்" என்றார். செயின் பிளாக்கை மாட்டி, கியர் பாக்ஸுக்கு முட்டுக் கொடுத்து, மவுண்டிங்கைக் கழற்றி, என்ஜினை மெதுவாய்த் தூக்கினார்கள். அந்தரத்திலே தொங்கிக்கொண்டு அது கடைசிச் சொட்டையும் விட்டது.

கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறியிருந்தது. நான் பயந்தது உண்மைதான். பிளைவீலைக் கழற்றி சீலைக் காட்டினார். வட்டமான ரப்பர். அதன் உதடு சுழல்கிற கிராங்கை லேசாய்த் தொட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதை அணைத்துப் பிடிக்கும். ரப்பர் இறுகி வெடித்துப்போயிருந்தது. பிறகு என் விரலைப் பிடித்து கிராங்கின் மேல் வைத்தார். நகத்தில் தட்டுகிற அளவுக்கு ஒரு பள்ளம் சுற்றிலும் ஓடியது. ரப்பர் இரும்பைத் தேய்க்குமா? தேய்த்திருந்தது! உதட்டில் ஒட்டுகிற நுண்ணிய தூசியும் கரியும், ஒரே இடத்தில் லட்சக்கணக்கான சுற்று உரசி உரசி, உருக்கிலே கோடு போட்டுவிட்டது.

கடைசியாய் மேஸ்திரி பிரீதர் பைப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "ஊதுங்க" என்றார். ஊதினேன். காற்றுப் போகவில்லை. கருப்புச் சேறு அடைத்திருந்தது.

"இதுதானுங்க குத்தவாளி" என்றார். என்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே வரும். புது என்ஜினிலும் வரும். அந்த அழுத்தம் வெளியே போவதற்கு நேரான வழிதான் பிரீதர். அது அடைபட்டால் அழுத்தம் சும்மா இருக்காது. எந்த சீல் பலவீனமோ அதன் வழியாய் ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் பிரீதரைச் சுத்தம் பண்ணாவிட்டால் அதுவும் கொஞ்ச நாளில் ஒழுகும்.

பிரியமானவர்களே, அந்தப் பைப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நேர்வழி அடைபட்டால் அழுத்தம் கோணல் வழியைத் தேடும். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு உண்மையைச் சொல்ல ஒரு நேரான வழி இருக்கிறது? மகன் மார்க் குறைந்ததைச் சொன்னால் அடி விழும் என்றால், அவன் கையெழுத்தைத் தானே போட்டுக்கொள்வான். கடன் வாங்கியதைச் சொன்னால் சண்டை வரும் என்றால், நகை அடகுக்கடைக்குத் தனியே போகும். ஒழுகுகிற இடத்திலே பசை தடவுகிறோம். அடைபட்ட இடத்தை யாரும் பார்ப்பதில்லை.

பழகிப்போன சொட்டு

ஒழுகுவதற்குப் பழகிக்கொண்டேன் என்று முதலில் எழுதினேன் அல்லவா? இது மளிகைக்கடைக்காரனுக்கு மட்டும் வருகிற வியாதி அல்ல. 1986 ஜனவரி 28-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் மாண்டார்கள். காரணம் என்ன? பக்கத்து ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம், குளிரில் இறுகி, சூடான வாயுவைக் கசியவிட்டது. ஒரு சீல்! முந்தைய பயணங்களிலேயே அந்த வளையங்கள் அரிக்கப்பட்டிருந்தது தெரியும். ரோஜர் பாய்ஜோலி என்ற பொறியாளர் 1985 ஜூலையிலேயே எழுத்தில் எச்சரித்தார். புறப்படுவதற்கு முந்தின இரவும் அவரும் உடன் பொறியாளர்களும் வேண்டாம் என்று வாதாடினார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. போன தடவையும் கசிந்தது, ஒன்றும் ஆகவில்லையே! அதற்கு முந்தின தடவையும் ஆகவில்லையே! ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும், ஆபத்துக்கு ஒரு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு எதிரான ஒரு காட்சியும் உண்டு. 2019 ஜூலை 15, விடியற்காலம், ஸ்ரீஹரிகோட்டா. சந்திரயான்-2 புறப்பட வேண்டும். ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் நேரில் வந்திருக்கிறார். தேசமே விழித்திருக்கிறது. அப்போது இஸ்ரோ தலைவராயிருந்தவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் கே. சிவன். புறப்பட 56 நிமிஷம் 24 விநாடி இருக்கும்போது எண்ணிக்கை நிறுத்தப்பட்டது. ராக்கெட்டில் ஹீலியம் வாயு கசிந்ததாகச் செய்திகள் வந்தன. எத்தனை பேருக்கு முன்னால் வெட்கம்! ஆனால் நிறுத்தினார்கள். சரி செய்தார்கள். ஒரே வாரத்தில், ஜூலை 22 பிற்பகல் 2.43-க்கு ராக்கெட் நல்லபடியாய் ஏறியது. அந்தப் பயணத்தின் தரையிறங்கும் கலம் செப்டம்பரில் நிலவில் விழுந்து போனது வேறு காரணத்தினால். அது வேறு கதை. கசிவைக் கண்ட இடத்தில் நின்றார்களே, அதைத்தான் சொல்லுகிறேன். ஜனாதிபதிக்கு முன்னால் நிறுத்த முடிந்தவர்கள் இருக்கும்போது, ஒரு சேந்தமங்கலத்துத் தம்பிக்கு முன்னால் "ஆமா தம்பி, ஒழுகுது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே!

யாரும் பார்க்காத இடம்

மேஸ்திரி வேலையை முடிக்கும் முன் என்னைக் கூப்பிட்டார். "ஒண்ணு சொல்லோணுமுங்க. கிராங்க்ல பள்ளம் இருக்கு. லேத்துல கொடுத்து மெல்லிசா ஸ்லீவ் ஏத்தலாம், செலவு ஜாஸ்தி. இல்லேன்னா புது சீலைக் கொஞ்சம் உள்ள தள்ளி உக்கார வச்சா, உதடு பள்ளத்துல படாம நல்ல இடத்துல உரசும். அப்படித்தான் செய்யப்போறேன். ரொம்ப நாள் வரும், ஆனா ஆயுசுக்கும் வரும்னு நான் சொல்ல மாட்டேன். ரிங்கும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. இப்ப அவசரமில்லே. தெரிஞ்சு வச்சுக்குங்க."

யோசித்துப் பாருங்கள். இதை அவர் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. என்ஜினை ஏற்றிவிட்டால் அந்தப் பள்ளத்தை நான் என் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை. புது சீல் போட்டாச்சு என்று சொல்லி, இருபத்தேழாயிரத்து ஐந்நூறு ரூபாய் பில்லை நீட்டியிருக்கலாம். அது பொய்யும் அல்ல. நான் கேட்கவுமில்லை. நான் என்னிடத்தில் கேட்டவனுக்கே சொல்லவில்லை. அவர் கேட்காதவனுக்குச் சொன்னார். இருபது வருஷமாய் நியாயம் எது என்று கேட்டும் பேசியும் வந்தவன் நான். அன்றைக்கு அழுக்குத் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்ற ஒரு மனிதர் அதைச் செய்து காட்டினார்.

அந்த வண்டி இன்னும் நாலு வருஷம் எனக்கு உழைத்தது. 2021-ல் விற்றேன். அதற்குள் முன்பக்கத்தில் மறுபடியும் லேசாய்க் கசிய ஆரம்பித்திருந்தது. நாளைக்கு ஒன்றிரண்டு சொட்டு. வாங்க வந்தவர் ஆட்டையாம்பட்டிக்காரர். வண்டிக்கு அடியில் அட்டை கிடந்தது. நான் எடுக்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். "ஒழுகுதுங்களா?" என்றார். "ஒழுகுதுங்க" என்றேன். கிராங்கில் பள்ளம் இருப்பதையும், ரிங் தேய்ந்திருப்பதையும், பிரீதரை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டியதையும் சொன்னேன். பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்டார். கொடுத்தேன். போகும்போது அந்த அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்!

அருமையானவர்களே, விற்பதற்கு உங்களிடத்தில் வண்டி இல்லாமலிருக்கலாம். ஆனால் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை யாருடைய கையிலோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு தகவல். முதலாளிக்கு ஒரு கணக்கு. வாடகைக்கு வருகிறவருக்கு ஒரு வீடு. பிள்ளைகளுக்கு நம்மைப் பற்றிய ஒரு படம். "நான் பொய் சொல்லவில்லையே" என்று சொல்வதற்கு முன்னால், யாரோ வரப்போகிறார்கள் என்று எந்த அட்டையை எடுத்து ஒளித்து வைத்தோம் என்று ஒரு நிமிஷம் நிதானித்துப் பாருங்கள்.

எங்கள் வாசலில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. இப்போது நான் தேய்ப்பதுமில்லை.

உங்கள் அன்பின் சகோதரன்,
ஃபேர்லேண்ட்ஸ், சேலம்.